பழைய காரில் எஞ்சின் சத்தம்: ஆயில் மாற்றாமல் ஓடிய வண்டியை எப்படி அணுகுவது

பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களும், அப்பா வைத்திருந்த ஆல்ட்டோவையோ சான்ட்ரோவையோ தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர்களும் மெக்கானிக் கடைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சினில் டக் டக் என்று சத்தம் வருகிறது, கடைசியாக ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்பதோ தெரியவில்லை. கடையில் கிடைக்கும் பதிலும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கிறது. "இருபது-ஐம்பது ஊத்திடலாம் சார், சத்தம் அடங்கிடும்" என்பார்கள். 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயிலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதை ஊற்றினால் சத்தம் குறைவது உண்மைதான். ஆனால் சத்தம் குறைந்தால் தேய்மானம் நின்றுவிட்டதாகக் கொள்ள முடியாது. எஞ்சினைத் திறக்காமலே உள்ளே நடப்பதை அறிய நமக்கு இருக்கும் எளிய வழி அந்தச் சத்தம்தான். காரணம் தெரிவதற்கு முன்பே அதை அடக்கிவிட்டால், அடுத்த முறை அது காதில் விழும்போது வேலை பெரிதாகியிருக்கும்.

ஆகவே இந்தக் கட்டுரை ஒரு வரிசையை வலியுறுத்துகிறது. முதலில் ஆயிலின் அளவைப் பார்க்க வேண்டும். அடுத்துச் சத்தத்தைக் கேட்டு இனம் பிரிக்க வேண்டும். பிறகு, காரின் கையேடு சொல்லும் ஆயிலையே கொண்டு, குறுகிய இடைவெளியில் இரண்டு முறை மாற்ற வேண்டும். அதன்பின் மீண்டும் கேட்க வேண்டும். எஞ்சினை இறக்குவது பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சாவியைத் திருப்பும் முன்

ஆயில் அளவைப் பார்க்கக் கார் சமதளத்தில் நிற்க வேண்டும். சென்னை அடுக்ககங்களில் தூண்களுக்கிடையே உள்ள நிறுத்துமிடங்கள் தண்ணீர் வடிவதற்காகச் சற்றே சரிவாகக் கட்டப்பட்டிருப்பது வழக்கம் என்பதால், அங்கே எடுக்கும் அளவு தவறாகக் காட்டக்கூடும். எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடமாவது ஆன பிறகு, ஆயில் அளவு காட்டும் கோலான டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் துடைத்து, முழுவதுமாக உள்ளே செருகி, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். முதல் உருவலில் தெரியும் அளவை நம்பக் கூடாது. குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயில் கோலின் மேல் பூசிக்கொண்டு வந்திருக்கும்.

கோலில் இரண்டு குறிகள் இருக்கும். பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேற்குறிக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ ஒரு லிட்டர். சிறிய பெட்ரோல் கார்களின் எஞ்சின் மொத்தமே 3 லிட்டர் அளவுதான் கொள்ளும் என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், கீழ்க்குறிக்கும் கீழே ஆயில் இறங்கிவிட்ட கார் எவ்வளவு குறைந்த ஆயிலில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது விளங்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கையேடு சொல்லும் தரத்து ஆயிலைக் கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சில நிமிடம் பொறுத்து அளவு பாருங்கள். மேற்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் முங்கி அடித்தால் நுரை கிளம்பும். நுரையைப் பம்ப்பால் சரியாக அனுப்ப முடியாது, அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் அது காப்பாகாது.

அளவோடு தன்மையையும் பாருங்கள். கறுப்பாக இருப்பது மட்டும் கெட்டதற்கு அடையாளம் ஆகாது. டீசல் எஞ்சினில் ஊற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிடும். பெட்ரோல் எஞ்சினிலும் அழுக்கைத் தன்னுள் தாங்கி வைத்திருக்கும் ஆயில் கறுக்கத்தான் செய்யும். கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்திருக்கிறது. அளவு குறையாமல் கூடிக்கொண்டே போய், முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால், எரிபொருள் ஆயிலில் இறங்குகிறது. ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் விட்டுச் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். கறை நடுவிலிருந்து வெளியே சீராகப் பரவி மங்கினால் அழுக்கைச் சிதறடிக்கும் ஆற்றல் ஆயிலுக்கு இன்னும் இருக்கிறது. நடுவில் கறும்புள்ளியாகக் கட்டியாக நின்று, சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் மட்டும் பரவினால், அந்த ஆயில் முடிந்துபோனது. இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது என்றாலும், வரலாறு தெரியாத காருக்குப் பயன்படும்.

பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, செல்போன் விளக்கை உள்ளே அடித்துப் பாருங்கள். உலோகப் பாகங்கள் தேன் நிறத்திலோ இளம்பழுப்பாகவோ தெரிந்தால் நல்லது. மூடியின் அடியிலும் உள்ளேயும் கரிய களிம்பு படிந்து, விரலால் வழித்தால் அள்ளிக்கொண்டு வந்தால், அதைத்தான் மெக்கானிக்குகள் ஸ்லட்ஜ் என்கிறார்கள். இந்தக் காட்சியை மறவாமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட உதவும்.

சிவப்பு விளக்கு

டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி வடிவில் எரியும் சிவப்பு விளக்கைப் பலர் 'சர்வீஸ் லைட்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஆயிலின் அளவைக்கூடக் காட்டுவதில்லை. ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதையே காட்டுகிறது. சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் அணைய வேண்டும். ஓடும்போது அது எரிந்தால், கிண்டி கத்திப்பாரா மேம்பாலத்தின் நடுவே இருந்தாலும் சரி, ஹசார்ட் விளக்கைப் போட்டு ஓரம் கட்டி, எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். "வீடு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான்" என்று ஓட்டிப்போனவர்களின் எஞ்சின்களில் பேரிங்குகள் கிராங்க்கோடு ஒட்டிக்கொண்டதை எந்தப் பழைய மெக்கானிக்கிடம் கேட்டாலும் சொல்வார். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, சிக்னலில் நிற்கும்போது மட்டும் அது மினுக்கினால், ஆயில் நீர்த்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், அழுத்தத்தை உணரும் ஸ்விட்சே பழுதாகியும் இருக்கலாம். மூன்றில் எது என்பதைக் கண்டுபிடிக்கும் வழி பின்னால் வருகிறது.

ஆயில் தீர்ந்துபோவது எப்படி

ஆயில் என்பது வழுக்கச் செய்யும் திரவம் மட்டுமல்ல. சூட்டைக் கடத்துகிறது, எரிப்பில் உண்டாகும் கரியைக் கழுவித் தன்னுள் மிதக்க வைக்கிறது, அமிலங்களைச் செயலிழக்கச் செய்கிறது, உலோகத்தின் மேல் தேய்மானத்தைத் தடுக்கும் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. இவற்றில் பலவற்றைச் செய்வது ஆயிலில் சேர்க்கப்பட்டிருக்கும் வேதிப்பொருள்கள். அவை வேலை செய்யச் செய்யக் குறைந்துகொண்டே வரும். ஆயில் அளவு மேற்குறியில் நின்றாலும், அந்தப் பொருள்கள் தீர்ந்த பிறகு கரி எஞ்சினுக்குள்ளேயே படியத் தொடங்குகிறது. ஆயிலும் காற்றோடு வினைபுரிந்து கெட்டியாகி, குறுகிய துளைகளை அடைக்கிறது. எல்லாவற்றிலும் மோசமானது, ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் ஆயிலை உறிஞ்சும் வலையில் இந்தக் களிம்பு சேர்வது. வலை அடைபட்டால் சம்ப் நிறைய ஆயில் இருந்தும் மேலே போகாது.

சென்னையில் இது விரைவாக நடப்பதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலான கையேடுகளில் 'கடுமையான பயன்பாடு' என்ற ஒரு பகுதி இருக்கும். குறுகிய தூரப் பயணம், நின்று நின்று நகரும் நெரிசல், தூசி, அதிக வெப்பம் ஆகியவை அதில் இடம்பெறும். பழைய மகாபலிபுரம் சாலையில் மே மாதப் பகலில் ஏசி போட்டுக்கொண்டு ஊர்ந்து செல்லும் காருக்கு இவற்றில் மூன்று ஒரே நேரத்தில் பொருந்தும். ஓடோமீட்டர் நான்கு கிலோமீட்டர் காட்டும் நேரத்தில் எஞ்சின் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். மாறாக, மயிலாப்பூரிலிருந்து மந்தைவெளிக்குக் காய்கறி வாங்க மட்டும் வெளியே வரும் காரில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை என்பதால், எரிப்பில் உண்டாகும் நீராவி ஆவியாகி வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகிறது. "வண்டி ஓடவே இல்லையே, ஆயில் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுவே கணக்கு.

சத்தத்தை இனம் பிரித்தல்

தெரு அடங்கிய விடியற்காலையே இதற்கு ஏற்ற நேரம். அதுவும் எஞ்சின் இரவெல்லாம் ஆறியிருக்கும்போது. ஐடி நிறுவனத்து அடையாள அட்டையின் கழுத்துப் பட்டை, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை ஆகியவற்றோடு ஓடும் எஞ்சினின் மேல் குனியக் கூடாது. ரேடியேட்டர் மின்விசிறி முன்னறிவிப்பின்றிச் சுழலத் தொடங்கும். சில கார்களில் எஞ்சினை அணைத்த பிறகும் அது சுழலும்.

முதலில், எஞ்சினுடையது அல்லாத சத்தங்களைக் கழித்துவிடுங்கள். ஏசியை அணைத்தால் சத்தம் நின்றால் கம்ப்ரெஸர் பக்கம் தேட வேண்டும். கிளட்சை முழுவதும் மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங்; மிதித்தால் மட்டும் வந்தால் கிளட்ச் பேரிங். மழைக் காலத்தில் காலையில் கீச்சென்று கத்திவிட்டுச் சற்று நேரத்தில் அடங்கினால் பெல்ட். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் வந்தால், சைலன்சருக்கு மேல் உள்ள வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடித்துக் கழன்றிருக்கும். கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதிகளில் வாழும் கார்களுக்கு இது சகஜம். இவை எதற்கும் ஆயில் பொறுப்பல்ல.

எஞ்சினின் தலைப் பகுதியிலிருந்து வரும் மெல்லிய, சீரான டிக் டிக் பெரும்பாலும், வால்வைத் தள்ளித் திறக்கும் பாகமான டேப்பெட்டின் சத்தம். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க் சுற்றும் வேகத்தில் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது கிராங்க் நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றும். ஒரு வால்வோ ஆறேழு முறைதான் திறந்து மூடும். எண்ண முடியாவிட்டாலும், நிதானமாகத் தட்டும் சத்தத்துக்கும் படபடவென அடிக்கும் சத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காது சில நிமிடத்தில் பழகிக்கொள்ளும். பழைய மாருதி 800 போன்றவற்றில் வால்வு இடைவெளியைத் திருகை வைத்துச் சரிசெய்யலாம். 'டேப்பெட் செட்டிங்' என்று சொன்னால் மெக்கானிக்குக்குப் புரியும். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா போன்ற கார்களில் வந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினில் இந்த இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பே பார்த்துக்கொள்கிறது. அத்தகைய எஞ்சினில் டிக் டிக் கேட்டால் ஆயிலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நல்ல ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அது தானாக அடங்குவதும் உண்டு.

இரவு முழுவதும் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கடகடத்து அடங்கினால், ஃபில்டரிலிருந்து ஆயில் கீழே வடிந்துவிடுகிறது என்று பொருள். ஃபில்டருக்குள் ஆயிலைத் தேக்கி வைக்கும் ரப்பர் தடுக்கு மலிவான ஃபில்டர்களில் விரைவில் விறைத்துவிடும். அதே கடகடப்பு அதிக நேரம் நீடித்து, எஞ்சினின் ஒரு பக்கத்திலிருந்து சங்கிலி உரசுவதுபோல் கேட்டால், கிராங்க்கையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில் இயங்குவதால், மேலே சொன்ன டீசல் எஞ்சின் உட்பட, செயின் உள்ள எஞ்சின்களில் ஆயில் மாற்றாமல் விட்ட தாமதம் முதலில் தன்னைக் காட்டுவது இங்கேதான். டைமிங் பெல்ட் உள்ள காரில் இந்தச் சத்தம் வராது. ஆனால் பெல்ட்டுக்கு அதற்கென்று தனிக் கெடு உண்டு.

அடியிலிருந்து, கனத்த குரலில், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஓங்கி ஒலிக்கும் டொக் டொக் என்பதே பயப்பட வேண்டிய சத்தம். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்ததன் அடையாளம் அது. அந்தக் காரை மெக்கானிக் கடைக்குக்கூட ஓட்டிச் செல்லக் கூடாது. இழுவை வண்டியில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். ராட் முறிந்தால் எஞ்சின் பிளாக்கே பொத்துக்கொள்ளும்.

டேப்பெட்டோடு குழப்பிக்கொள்ளப்படும் சத்தங்கள் இரண்டு. எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் அதே டிக் டிக் வரும். உலோகம் சூடேறி விரிந்ததும் குறைந்துவிடும். மேம்பாலத்தில் உயர்ந்த கியரில் திணறி ஏறும்போது மட்டும் தகர டப்பாவில் கோலிகுண்டு குலுக்கியதுபோல் கேட்டால் அது பெட்ரோல் முன்கூட்டியே வெடிப்பதால் வருவது. கரி படிவு, ஸ்பார்க் பிளக், எரிபொருள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்க நீண்ட ஸ்க்ரூ டிரைவர் போதும். அதன் நுனியை வால்வு மூடியின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதின் முன்னெலும்பில் அழுத்திக் கேளுங்கள். பிறகு சற்றுத் தள்ளித் தள்ளி வைத்து, கடைசியாக ஆல்டர்னேட்டரின் உடலில் வைத்துக் கேளுங்கள். சத்தம் எங்கே மிகத் தெளிவாக இருக்கிறதோ அங்கேதான் வேர். பெல்ட்டின் அருகே இதைச் செய்ய வேண்டாம். கேட்டதைச் செல்போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து, தேதி, ஓடோமீட்டர் அளவு ஆகியவற்றோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆயில், எந்த ஃபில்டர்

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்றோ 20டபிள்யூ-40 என்றோ இருக்கும். முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு தடித்திருக்கும் என்பதையும் குறிக்கின்றன. பனி என்பதே தெரியாத சென்னையில் முதல் எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால் ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில் ஆயில் தலை வரை ஏறுவதற்கு இளகிய ஆயிலே உதவுகிறது. கையேட்டில் சுற்றுப்புற வெப்பத்துக்கு ஏற்ப எந்தெந்த ஆயில் பொருந்தும் என்று ஒரு வரைபடம் இருக்கும். வெப்ப ஊருக்கு 40 வரையோ 50 வரையோ அனுமதி இருந்தால், தேய்ந்த எஞ்சினுக்கு அந்த எல்லைக்குள் ஒரு படி கெட்டியாகப் போவதில் தவறில்லை. ஹைட்ராலிக் டேப்பெட்டும் மாறும் வால்வு நேர அமைப்பும் உள்ள எஞ்சின்களுக்கு அந்த எல்லையைத் தாண்டி ஊற்றினால் அவற்றின் நுண்துளைகளில் ஆயில் உரிய நேரத்தில் போய்ச் சேராது. இப்போது மெக்கானிக் இருபது-ஐம்பது என்று சொன்னால், "அண்ணா, புக்குல என்ன போட்டிருக்கோ அதையே ஊத்துங்க, சத்தம் இருந்தா இருக்கட்டும், பாத்துக்கலாம்" என்று தயங்காமல் சொல்லலாம்.

தரக் குறியீட்டில் பெட்ரோல் எஞ்சினுக்கானது எஸ் என்ற எழுத்திலும் டீசலுக்கானது சி என்ற எழுத்திலும் தொடங்கும். பெட்ரோல் வரிசையில் எஸ்என் 2010இலும் எஸ்பி 2020இலும் வந்தவை. பழைய காருக்குப் புதிய தரத்தைத் தாராளமாக ஊற்றலாம். வீட்டில் மீந்துபோன பைக் ஆயிலைக் காரில் ஊற்றுவதை மட்டும் விட்டுவிடுங்கள். கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே இயங்கும் இருசக்கர வாகனங்களுக்காகத் தயாரிக்கப்பட்டது அது. சத்தத்தை நிறுத்தும் என்று விற்கப்படும் ஆயில் ட்ரீட்மென்ட் புட்டிகளில் பலவும் ஆயிலைத் தடிக்கச் செய்பவையே. இருபது-ஐம்பதின் வேலையைத்தான் கூடுதல் விலைக்குச் செய்கின்றன என்பது என் கருத்து.

அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் பெரும்பாலான கார்களுக்கு ஃபில்டர் கிடைக்கும். பில் போட்டுத் தரும் கடையில், காரின் மாடல், ஆண்டு, பெட்ரோலா டீசலா என்பவற்றைச் சொல்லி வாங்குங்கள். கூடவே டிரெய்ன் போல்ட்டுக்கான புது வாஷரும் கேளுங்கள். புதுப்பேட்டையில் பழைய கதவோ கண்ணாடியோ வாங்கலாம். ஃபில்டர் வாங்க அங்கே போக வேண்டாம். ஆயில் டப்பாவின் சீல் உடையாமல் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். காலியான டப்பாவைத் தூக்கிப் போடும் முன் கத்தியால் கிழித்துவிட்டால், அது போலி ஆயிலோடு திரும்பிக் கடைக்கு வருவதைத் தடுக்கலாம்.

மாற்றும் நாள்

களிம்பு படிந்த எஞ்சினுக்கு 'ஃபிளஷ்' அடித்துவிடலாம் என்ற யோசனை வரும். பல ஆண்டு சேர்ந்த படிவை ஒரே கழுவலில் பெயர்த்தால், பெயர்ந்த கட்டிகள் நேராக உறிஞ்சு வலையில் போய் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. நல்ல ஆயிலிலேயே மெல்லக் கரைக்கும் பொருள்கள் இருக்கின்றன. அதனால்தான் இரண்டு முறை மாற்றச் சொல்கிறேன்: இப்போது ஒரு முறை, 1,000 முதல் 1,500 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை, இரண்டு முறையும் புது ஃபில்டரோடு. தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் போய்வருபவருக்கு அது ஒன்று முதல் இரண்டு மாத ஓட்டம். முதல் முறைக்கு விலையுயர்ந்த முழு சிந்தெடிக் தேவையில்லை. கையேட்டின் தரத்துக்குக் குறையாத ஆயிலாக இருந்தால் போதும்.

முதல் முறை செய்பவர்கள் ராம்ப் உள்ள கடையில் கூடவே நின்று செய்வித்துக்கொள்வதே நல்லது. நீங்களே செய்வதென்றால், ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே உள்ளே செல்ல வேண்டும். எஞ்சினை ஐந்து பத்து நிமிடம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி அணைத்தால் ஆயிலோடு அழுக்கும் மிதந்து வெளியே வரும். மேல் மூடியைத் திறந்து வைத்து, டிரெய்ன் போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளை விரலால் சுழற்றி எடுங்கள். ஆயில் சொட்டுச் சொட்டாகும் வரை கால் மணி நேரம் விடுங்கள்.

வடியும் ஆயிலில் சிறிதளவை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஆயில் மெல்லப் படர்ந்து இறங்கும்போது வெள்ளிப் பொடி தூவியதுபோல் மினுமினுப்புத் தெரிந்தால், பேரிங் உலோகம் தேய்ந்து கலந்திருக்கிறது. செம்பு நிறம் மின்னினால் பேரிங்கின் மேல் பூச்சைத் தாண்டி உள்ளடுக்கு வரை தேய்ந்துவிட்டது. வெறும் கறுப்பாக மட்டும் இருந்தால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதியதைப் பூட்டினால், ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்தில் மொத்த ஆயிலும் வெளியே பீய்ச்சிவிடும். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று இறுக்கினால் போதும். டிரெய்ன் போல்ட்டைப் புது வாஷரோடு பூட்டுங்கள். அலுமினிய சம்ப்பில் ஆத்திரத்தோடு இறுக்கினால் மரை போய்விடும். கையேடு சொல்லும் அளவைவிடச் சற்றுக் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து, சிவப்பு விளக்கு அணையும் வரை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இருங்கள். ஒரு நிமிடம் ஓட்டி, அடியில் கசிவு பார்த்து, அணைத்து, பத்து நிமிடம் கழித்து அளவை நிரப்புங்கள்.

வடித்த ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருவது. தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போகும். மூடியுள்ள டப்பாவில் அடைத்து, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தண்ணீரில் நின்ற கார்களில் சில இன்றும் விற்பனைக்கு வருகின்றன. நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் எஞ்சினைக் கொல்வது. தண்ணீர் வடிந்ததும் பேட்டரியைக் கழற்றி, இழுத்துச் சென்று, ஆயிலை வடித்து, காற்று வரும் வழியையும் சிலிண்டர்களையும் பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.

மீண்டும் கேட்பது

இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு, அதே விடியற்காலையில், அதே இடத்தில் நின்று, பழைய ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். மூடியைத் திறந்து பழைய படத்தோடும் ஒப்பிடுங்கள். சத்தம் அடங்கியிருந்தால், அடுத்த ஓராண்டுக்கு 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றி, பிறகு கையேட்டின் கணக்குக்குத் திரும்பலாம். இதற்கிடையில் தரையில் ஆயில் சொட்டத் தொடங்கினால் பதற வேண்டாம். களிம்பு அடைத்து வைத்திருந்த பழைய சீல்கள் வெளிப்படுகின்றன. சீல்களை மாற்றும் முன், எஞ்சினின் உட்புகையை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைச் சீல்களின் வழியே தள்ளும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளியே தள்ளுகிறதா? அதை மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரெஷன்' என்பார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும்.

சத்தம் அப்படியே இருந்தால், அழுத்த ஸ்விட்ச் இருக்கும் துளையில் அளவி ஒன்றைப் பூட்டி, சூடான எஞ்சினில் ஆயில் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். மினுக்கும் சிவப்பு விளக்கின் புதிரும் இதில்தான் அவிழும்: அளவி சரியான அழுத்தம் காட்டினால் ஸ்விட்சை மாற்றினால் போதும். அழுத்தம் சரியாக இருந்து மேலே டிக் டிக் கேட்டால் டேப்பெட் வேலை; பக்கத்தில் கடகடத்தால் செயின் வேலை. அழுத்தமே குறைவாக இருந்தால் சம்ப்பைக் கழற்றி உறிஞ்சு வலையைச் சுத்தம் செய்து பார்ப்பதும், அப்போதே ஒரு ராட் பேரிங் மூடியைத் திறந்து பார்ப்பதும் எஞ்சினை இறக்குவதைவிடப் பல மடங்கு மலிவு.

அதன்பிறகும் எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் ஆர்சி புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு ரூ. 5,000 ஆக உயர்த்தப்பட்டது. பசுமை வரியும் தகுதிச் சோதனையும் தனி. பதிவு முடிய ஓராண்டே இருக்கும் காருக்கு, தளத்தில் துருவும் இருந்தால், எஞ்சின் வேலைக்குச் செலவிட நான் பரிந்துரைக்க மாட்டேன். உடல் உறுதியாக, பதிவு புதுப்பித்த காராக இருந்தால், கிராங்க், பேரிங், ரிங், ஆயில் பம்ப் ஆகியவற்றின் விலையையும் லேத் பட்டறைக் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்கி, இரண்டு கடைகளின் மதிப்பீட்டை ஒப்பிட்ட பிறகு எஞ்சினை இறக்கச் சொல்லுங்கள்.